முன்சீட்டில் யார்

“ரேச்சலை முன்னுக்கு இருத்துவம். வளைவு வந்தா அவளுக்குச் சத்தி வரும்.”

ரொறன்ரோவிலிருந்து ஜொனாதன் இப்படிச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் கவிநேசனுக்குக் கனடாப் பயணம் கசக்கத் தொடங்கியது. அதுவரைக்கும் அவனும் ஆசையோடுதான் இருந்தான். பூசை முடிந்து ஒக்லாந்தின் பக்குரங்கா வீட்டுக்கு வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்ட கையோடு, ஐபேட்டைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுக் குடும்பமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இங்கே ஞாயிறு மத்தியானம். அங்கே இன்னும் சனிக்கிழமையே முடியவில்லை. ஜொனாதனும் அவன் மனைவி லோஜனாவும் சோபாவில் சாய்ந்திருந்தார்கள்.

திட்டம் இதுதான். ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் கவிநேசன், ரேச்சல், மகள் ஷாமினி மூன்று பேரும் ரொறன்ரோவில் போய் இறங்குவது. ஜொனாதன், லோஜனா, அவர்களுடைய இரண்டு பெடியன்களோடு ஒரே வான் வண்டியில் ஏறி, கியூபெக்கைத் தாண்டி, அத்திலாந்திக் கரையைப் பிடித்து ஹலிஃபக்ஸ் வரை போவது. பிறகு கேப் பிரெட்டன் தீவின் மலைவீதியைச் சுற்றிக்கொண்டு திரும்புவது. திட்டம் ஜொனாதனுடையது. வான் ஓட்டப்போவதும் ஜொனாதன். ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பது மட்டும் அதுவரை பேச்சில் வரவில்லை. வந்தபோது இப்படி வந்தது.

“அதெப்பிடி உங்களுக்கு ஞாபகம், மச்சான்?” என்று ரேச்சல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மறக்கக்கூடிய விசயமோ அது? மடுத் திருவிழாவுக்குப் போற பஸ்ஸில சத்தியெடுத்து என்ர புதுச் சேட்டு முழுக்க நாறடிச்சவள் நீ. மாதா முன்னுக்கு நான் வெறும் பெனியனோட நிண்டனான்!”

அங்கேயும் சிரிப்பு, இங்கேயும் சிரிப்பு. கவிநேசனும் சிரித்தான். பல்லுக்கு மட்டும் சிரிப்பு. வயிற்றுக்குள் யாரோ தீக்குச்சி கிழித்தது போலிருந்தது.

ஜொனாதன் யாரென்று சொன்னால்தான் அந்தத் தீக்குச்சி விளங்கும். அவன் ரேச்சலுடைய மாமன் மகன், முறைமச்சான். ரேச்சல் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளில், வெள்ளைச் சட்டையும் முக்காடுமாக நின்ற பிள்ளையைக் காட்டி, “இவள் எங்கட ஜொனாதனுக்குத்தான்” என்று மாமி பந்தலில் வைத்தே சொன்னாளாம். பிறகு நாட்டில் சண்டை வந்தது. மாமா குடும்பம் கனடாவுக்குப் போனது. ஜொனாதன் அங்கே வீடு விற்கிற வேலை பார்த்து, லோஜனாவைக் காதலித்துக் கட்டி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனுமாகிவிட்டான். எல்லாம் முடிந்த கதை. ஆனாலும் கவிநேசனின் கல்யாணத்துக்கு முந்தின கிழமை, ரேச்சலின் தாய் கோப்பையில் புட்டைப் போட்டுக்கொண்டே அந்தப் பந்தல் கதையைப் பகிடியாகச் சொல்லிவிட்டாள். புட்டு செரித்துவிட்டது. கதை செரிக்கவில்லை.

கவிநேசன் லேசுப்பட்ட ஆள் இல்லை. மன்னாரில் வங்காலை என்ற கரையோரக் கிராமத்தில், கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் கால் அவனுடையது. மொறட்டுவையில் பொறியியல் படித்து, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த படம் இன்றைக்கும் பக்குரங்கா வீட்டு ஹோலில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே தொங்குகிறது. ஷாமினியின் சிநேகிதிகள் வந்தால் அதைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. அப்படியொரு இடத்தில் அவனே ஆணி அடித்தான். இப்போது பென்ரோஸில் ஒரு கம்பனியில் மழைநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறான். ஒக்லாந்துக்கு மழைக்கா பஞ்சம்? வேலைக்கும் பஞ்சமில்லை.

அதைவிட இன்னொரு பேரும் அவனுக்கு உண்டு. கோயில் ஆட்கள் எங்கே பயணம் போவதென்றாலும், “கவியைக் கேளுங்கோ” என்பார்கள். ரொட்டருவா, கோறமண்டல், கேப் ரெயிங்கா, எல்லாப் பயணமும் அவன் போட்ட திட்டம்தான். எங்கே பெட்ரோல் அடிப்பது, எந்தக் கடற்கரையில் நிழல் இருக்கும், எந்தக் கழிப்பறை துப்புரவாக இருக்கும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவான்.

கோறமண்டல் வீதியில்தான் அவனுக்கு அந்த விசயம் தெரிய வந்தது. கல்யாணம் முடித்து வந்த முதல் வருடம். கடலோரமாக வளைந்து வளைந்து போகிற வீதி. ஐந்தாவது வளைவில் ரேச்சல் அவன் கையை இறுகப் பிடித்தாள். ஆறாவது வளைவில் கார் கதவைத் திறந்தாள். அன்றைக்கு வீதியோரம் குந்தியிருந்தவளுடைய தலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றியபோதுதான் கவிநேசனுக்குத் தான் புருசனானது உறைத்தது. அதற்குப் பிறகு அவனுடைய காரில் இஞ்சி டொஃபியும், தேசிக்காயும், துவாயும் இல்லாத நாளில்லை. ரேச்சலுக்கு முன்சீட்டுத்தான். வளைவு வர முன்னமே இவன் வேகத்தைக் குறைப்பான். அவள் டொஃபிக்குக் கை நீட்டுவாள். ஒரு வார்த்தை பேச்சில்லாமல் நடக்கிற காரியம் அது.

உலகத்தில் அது தனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று நினைத்திருந்தான். இப்போது பார்த்தால், பள்ளிக்கூடப் பருவத்திலேயே ஒருத்தன் தன் புதுச் சேட்டைப் பறிகொடுத்துத் தெரிந்து வைத்திருக்கிறான்.

இதற்கு மேலே ஒரு முறைச் சிக்கலும் இருந்தது. மனைவிக்கு மச்சான் முறை என்றால், புருசனுக்கு அவன் சகோதரன் முறை. ஜொனாதன் மூத்தவன். ஆகவே கவிநேசன் அவனை ‘அண்ணா’ என்று கூப்பிட வேண்டும். பிள்ளை ‘பெரியப்பா’ என்று கூப்பிட வேண்டும். மன்னாரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. கவிநேசனுக்கோ அந்தக் கணக்கு இடித்தது. அண்ணா என்றால், இவளைக் கட்டியிருக்கக்கூடிய இன்னொருத்தன் என்று தானே ஒத்துக்கொண்டது போல ஆகாதா? அதனால் அவன் சாமர்த்தியமாக ‘மச்சான்’ என்று கூப்பிட்டான். தனக்கு மச்சானென்றால் ரேச்சலுக்குத் தமையன். கதை முடிந்தது. ஷாமினிக்கும் ‘மாமா’ என்றே சொல்லிக் கொடுத்திருந்தான்.

“அது பெரியப்பா. மாமா இல்லை” என்று ரேச்சல் பலமுறை திருத்தினாள்.

“சிநேகிதப் பெடியளை மச்சான் எண்டுறேல்லையோ? அதுமாதிரித்தான்” என்று இவன் மழுப்புவான்.

ஜொனாதன் மட்டும் முறை தவறவில்லை. வாய் நிறைய “தம்பி” என்பான். அந்தத் தம்பி ஒவ்வொன்றும் கவிநேசனுக்குத் தலையில் குட்டியது மாதிரி இருக்கும்.

முன்சீட்டுப் பேச்சு வந்த பிறகு அவனுக்கு எல்லாமே குற்றமாகத் தெரிந்தது. ஜொனாதன் வாட்ஸப்பில் குரல் செய்தி போட்டால், ரேச்சல் அதை வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பாள். வெங்காயம் வெட்டுகிறவள் அழாமல் சிரிப்பாள். அவள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தாதி. நாள் முழுக்க ஒக்லாந்தை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் காரில் அளந்துவிட்டு, களைத்து வருகிறவள். வந்ததும் முதலில் பார்ப்பது பயணத்துக்கென்று தொடங்கிய வாட்ஸப் குழுவைத்தான். கலங்கரை விளக்கப் படம், சிங்கி இறால் படம், சிவப்பு மண் கடற்கரைப் படம். “இஞ்ச பாருங்கோவன், மண்ணைப் பாருங்கோவன்” என்று நீட்டுவாள். “எங்கட மன்னார்ப் பக்கமும் சிவப்பு மண்தானே” என்று சொல்லிவிட்டு இவன் டிவியைப் பார்ப்பான்.

ஒருநாள் போய், வெளிநாட்டில் கார் ஓட்டுவதற்கான பெர்மிட்டை எடுத்து வந்தான். அடுத்த அழைப்பில் அதைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினான்.

“ஓட்டத்தை நாங்கள் பங்கு போடுவம், மச்சான். மலைவீதியை நான் ஓடுறன்.”

ஜொனாதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “நல்லது தம்பி. ஆனா இஞ்ச வலப்பக்கம் எல்லோ. உமக்குப் பழக்கமில்லை. முதல் நேரான றோட்டில கொஞ்சம் ஓடிப் பாரும். மலையை என்னட்ட விடும்.”

ரேச்சலும், “அதுதான் நல்லம்” என்றுவிட்டாள். பெர்மிட் மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பென்ரோஸில் பக்கத்து மேசைக்காரன் சிவசாமி. ஈப்போவிலிருந்து வந்தவன், மலேசியத் தமிழன், கவிநேசனின் வயதுதான். வாயைத் திறந்தால் மூடமாட்டான்.

“என்னா கவி, மூஞ்சி தொங்குது? எங்கயும் பைப் வெடிச்சிருச்சா?”

கவிநேசன் மேலோட்டமாகச் சொன்னான். சிவசாமி கோப்பியை வைத்துவிட்டுக் கதிரையோடு உருண்டு பக்கத்தில் வந்தான்.

“அட, பொண்டாட்டியோட மாமா மகன் மேல ஜெலஸா? வெக்கமா இல்ல?”

“ஜெலஸ் இல்லை. பிளான் சரியில்லை எண்டு சொல்லுறன்.”

“ஆமா ஆமா. பிளான்தான். எம்மூஞ்சிய பாத்து சொல்லு.” சிவசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “சரி, ஒண்ணு செய் லா. ரெண்டு காடி எடு. அவங்க ஒரு காடி, நீங்க ஒரு காடி. சாப்பிட நிப்பாட்டுற எடத்துல பாத்துக்க வேண்டியதுதான்.”

சிவசாமி பகிடிக்குச் சொன்னான். கவிநேசன் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான். எலி வளையானாலும் தனி வளை என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் ஏழு பேர் தாராளமாகப் போகிற வான் இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று ரேச்சல் கேட்பாளே. அதற்கு ஒரு காரணம் வேண்டும். ஜொனாதனின் திட்டத்தை நம்பிப் போக முடியாது என்று அவளே தன் வாயால் சொல்ல வேண்டும்.

காரணம் ஃபண்டி விரிகுடாவில் கிடைத்தது. நியூ பிரன்ஸ்விக் கரையில் இருக்கிற அந்த விரிகுடாவில் கடல் வற்றினால் பனையளவு இறங்கிவிடும். அப்போது கடலடியிலேயே நடந்து போய், பூச்சாடி போல நிற்கிற பாறைகளுக்கு நடுவில் திரியலாம். பெருக்கு வந்தால் பாறைகளின் தலை மட்டும்தான் தெரியும். ரேச்சல் இந்தப் பயணத்தில் ஆகக் கூடுதலாக எதிர்பார்த்தது அதைத்தான். ஜொனாதனின் திட்டப்படி அங்கே காலை எட்டு மணிக்குப் போய் இறங்க வேண்டும்.

கவிநேசன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கடல் வற்றும் நேரத்தைத் தேடிப் பார்த்தான். பார்த்தவன் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தான். அன்றைக்கு எட்டு மணிக்கு அங்கே ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும்! வற்றுவதற்கு மத்தியானமாகும். ரேச்சல் படிக்கட்டில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அப்படியே குழுவில் எழுதியிருக்கலாம். எழுதினால் என்னவாகும்? “தாங்ஸ் தம்பி” என்று ஜொனாதன் நேரத்தை மாற்றுவான், விசயம் அமுங்கிப் போகும். கடலோடி மகனுக்கு வற்றும் பெருக்கும் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வீடு விற்கிறவனுக்கு என்ன தெரியும்? கவிநேசன் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தான். அந்தக் கிழமை முழுக்க அவன் நடையே வேறு. காரில் தேவாரம் பாடாத குறை. கத்தோலிக்கனென்பதால் விசில் அடித்தான்.

ஞாயிறு வந்தது. பாணும் சம்பலும் முடிந்தன. ஐபேட் சீனிப் போத்தலில் சாய்ந்தது.

“மச்சான், உங்கட பிளானில ஒரு சின்னப் பிழை” என்று தொடங்கினான் கவிநேசன். குரலில் தேன். “சின்னன் எண்டாலும், இவ்வளவு தூரம் பறந்து வாறம், இதுகளைப் பாக்காமல் போட்டா எப்பிடி? ஃபண்டியில எட்டு மணிக்குக் கடல் வத்தியிருக்காது. ஆள் தாழுற தண்ணி. ரேச்சல் எங்க நடக்கிறது, பாறைக்கு மேலயோ?”

ரேச்சலின் முகம் விழுந்தது. “மெய்யாவோ மச்சான்?”

அந்த முகம் விழுந்த கணம் கவிநேசனுக்கு இனித்தது. ஜொனாதன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எதையோ தட்டிப் பார்த்தான். நெற்றியைச் சொறிந்தான்.

“தம்பி, நீர் எதில பாத்தனீர்?”

“ஃபோனிலதான். இந்தா கிடக்கு.”

“நேரத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசியும்.”

கவிநேசனுக்கு முன்னம் ஷாமினி எட்டி வாசித்துவிட்டாள். அவளுக்கு இங்கிலீஷ்தானே வாய்ப்பழக்கம். “அப்பா, இட் சேஸ் ஆக்லண்ட் டைம்.”

ஒக்லாந்துக்காரனுடைய போன் அல்லவா? எந்த ஊர்க் கடலைக் கேட்டாலும், எசமானுக்கு விளங்கட்டுமென்று ஒக்லாந்து மணியில் மாற்றிச் சொல்லியிருக்கிறது. அங்கே காலை எட்டு மணிக்குப் போனால் கடல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், ஆறுதலாக நடக்கலாம். ஜொனாதன் பார்த்துப் பார்த்துத்தான் நேரம் வைத்திருக்கிறான். ஊரிலிருக்கிற அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது ஒருநாளும் நேரம் பிசகாதவன், பொறாமைக் கண்ணோடு பார்த்ததில் கீழ் வரியைக் கோட்டை விட்டிருந்தான்.

“பரவாயில்லை தம்பி” என்றான் ஜொனாதன். “ஆருக்கும் வாறதுதான். பாத்தது நல்லது.”

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் ‘பரவாயில்லை’தான் சுட்டது. சூடு தாங்காமல் கையில் அகப்பட்டதை எறிந்தான்.

“எதுக்கும் நாங்கள் தனிய ஒரு கார் எடுக்கிறம். ரெண்டாப் போவம்.”

“ஏன்?” என்றாள் ரேச்சல்.

“வசதி எல்லோ.”

“ஆருக்கு?”

லோஜனா திரையில் கீழே குனிந்து எதையோ தேடுவது போலப் பாவனை செய்தாள். ரேச்சல், “பிறகு எடுக்கிறம் மச்சான்” என்று சொல்லி அழைப்பை வெட்டினாள். ஷாமினியை அறைக்குள் போய்ப் படிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்ன படிப்பு என்று அவள் கேட்கவில்லை. அம்மாவின் முகம் அப்படி.

குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே ரேச்சல் பேசினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“போக வேண்டாம். நான் ஜொனாதனிட்டச் சொல்லுறன், லீவு கிடைக்கேல்லை எண்டு.”

கவிநேசன் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான் அது. கேட்டபோது இனிக்கவில்லை.

“இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை...”

“நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. முன்சீட்டுக் கதை வந்த நாளில இருந்து உங்கட மூஞ்சியை நான் பாக்கிறன். எனக்குக் கூடப்பிறந்ததுகள் இல்லை. அம்மாவும் போனாப்பிறகு என்ர பக்கம் எண்டு மிச்சம் இருக்கிறது மாமா வீடு மட்டும்தான். மன்னாரில விட்ட ஆக்கள். இவ்வளவு காலமும் நேரில காணேல்லை. அதுக்குத்தான் துள்ளினனான்.” பைப்பை மூடினாள். “பந்தல் கதைதானே உங்களைத் தின்னுது? அந்தப் பந்தலில என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. அவனையும் கேக்கேல்லை. எனக்கு அப்ப முன்பல்லுக்கூட முளைக்கேல்லை. உங்களைக் கட்டேக்குள்ளதான் சுவாமியார் என்னைக் கேட்டவர், சம்மதமோ எண்டு. சனத்துக்கு முன்னால வாய் திறந்து ஓம் எண்டனான். உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ?”

“கேட்டது” என்றான் கவிநேசன்.

“கேட்டா ஏன் இந்தக் கூத்து?”

“நீ அவனுக்குப் பக்கத்தில... அவன் உனக்கு டொஃபி தந்து...” சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. மொறட்டுவையில் படித்த வாய். “அது என்ர வேலை.”

ரேச்சல் திரும்பினாள். பிறகு ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். வாட்ஸப் சிரிப்பு அல்ல அது, அதைவிடப் பெரியது.

“டொஃபிக்கோ இவ்வளவும்! நான் ஆருக்குப் பக்கத்தில இருக்கிறது எண்டு ரெண்டு ஆம்பிளையளும் கதைச்சு முடிவெடுக்கிறியள். நான் என்ன சூட்கேசோ? இந்த ஊர் முழுக்க நாள்தோறும் கார் ஓடுறன். ஒருநாளாவது எனக்குச் சத்தி வந்ததோ?”

கவிநேசன் யோசித்தான். வந்ததில்லை.

“ஸ்டியரிங் கையில இருந்தா எனக்கு ஒண்டும் செய்யாது. நான் ஓடுறன் அந்த மலையை. எடுங்கோ அந்த ஐபேட்டை.”

மறுபடி அழைத்தார்கள். ஜொனாதன் பதறிப்போய் எடுத்தான், ஏதும் சண்டையோவென்று. ரேச்சல் விசயத்தைச் சொன்னாள். “வலப்பக்கம் எல்லோ...” என்று அவன் இழுக்க முன்னமே லோஜனா குறுக்கே விழுந்தாள்.

“ஏன், கொழும்பில இடப்பக்கம் ஓடின நான் இஞ்ச வந்து ஓடேல்லையோ? வெளிக்கிட முதல் இஞ்சத்தைய றோட்டில பழகட்டும். ரேச்சல், நீங்கள் ஓடுங்கோ!”

ஜொனாதன் கையை உயர்த்திச் சரணடைந்தான். “சரி சரி. நல்ல விசயம். அப்ப நான் முன்னுக்கு ரேச்சலுக்குப் பக்கத்தில இருந்து வழி சொல்லுறன்.”

கவிநேசனுடைய மூளை பரீட்சை மண்டபத்தில்கூட அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. வாய் தானாகத் திறந்தது.

“அண்ணா!”

அங்கே இரண்டு தலைகள் நிமிர்ந்தன. இங்கே ரேச்சல் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள் மூத்தவர், அண்ணா. முன்னுக்கு இருந்து ஏன் கஷ்டப்படுறியள்? வழியை நான் பாத்துச் சொல்லுறன். நீங்கள் பின்னுக்குப் பிள்ளையளோட இருங்கோ. ஷாமினி பெரியப்பாவோட கதைக்க வேணுமெண்டு ஆசையா இருக்கிறாள்.” அறை வாசலில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டான். “ஷாமினி, இஞ்ச வா. பெரியப்பாவுக்கு ஹலோ சொல்லு.”

“பட் யூ செட் மாமா...”

“பெரியப்பா!” என்றான் கவிநேசன் அழுத்தமாக.

“இத்தனை வருசத்தில இண்டைக்குத்தான் நான் அண்ணனானனான்” என்றான் ஜொனாதன். “அண்ணனாக்கின கையோட பின் சீட்டுக்கும் அனுப்பிப்போட்டீர், தம்பி.”

லோஜனா சோபாவில் விழுந்து சிரித்தாள். “ஐயோ கவி, உங்களுக்குத் தெரியாது! இவரைப் பின்னுக்கு இருத்தினா நாங்கள் செத்தம். இவருக்கும் வளைவில சத்தி வரும். அதாலதான் எங்க போனாலும் தானே ஓடுவன் எண்டு அடம்பிடிக்கிறவர்.”

“சும்மா இரப்பா” என்று ஜொனாதன் முணுமுணுத்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

கவிநேசனுக்கு அன்றைக்குத் தேத்தண்ணி சீனி போடாமலே இனித்திருக்கும். “பயப்பிடாதேங்கோ அண்ணா” என்றான் மிகவும் பரிவாக. “இஞ்சி டொஃபி ரெண்டு பக்கெட் கொண்டு வாறன். எப்பிடித் தலை பிடிக்கிறதெண்டு எனக்கு நல்லாத் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ரேச்சல் மேசைக்குக் கீழே அவன் கையைக் கிள்ளினாள். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அழைப்பை வைத்த பிறகு ஒரு நினைப்பு வந்து சுருக்கென்று குத்தியது. பார், சத்தி வருவதில்கூட மச்சானும் மச்சாளும் ஒரே மாதிரி.

தனக்கும் ஒருநாளாவது வளைவில் குமட்டியிருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே அவன் கோப்பைகளைத் துடைக்கத் துவாயை எடுத்தான்.